உடம்பின் ஞாபகமும் தட்டம்மையும்

நேயர்களுக்கு வணக்கம்.

1846-ஆம் ஆண்டு, வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபரோ தீவுகளுக்குள் தட்டம்மை நுழைந்தது. கோபன்ஹேகனிலிருந்து வந்து இறங்கிய ஒரு தச்சரோடு அது வந்தது. தீவுகளில் அப்போது இருந்தவர்கள் 7,782 பேர். சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 6,000 பேருக்கு அம்மை கண்டது. டென்மார்க் அரசு பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவரை அங்கே அனுப்பியது. ஊர் ஊராகப் போய் விசாரித்த அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அங்கே அதற்கு முன்பு தட்டம்மை பரவியது 1781-இல். அப்போது நோய் கண்டு பிழைத்தவர்களில் சிலர் முதியவர்களாக இன்னும் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் ஒருவரைக்கூட நோய் இரண்டாம் முறை தொடவில்லை. முன்பு நோய் காணாத முதியவர்களோ மற்றவர்களைப் போலவே படுத்தார்கள்.

65 ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு தடவை சந்தித்த கிருமியை அந்த உடம்புகள் மறக்கவில்லை. வைரஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில் பானும் இதை எழுதி வைத்தார். நோய் எதிர்ப்பு பற்றிப் பேசும்போது அதைக் கூட்டுவது எப்படி, குறையாமல் காப்பது எப்படி என்றுதான் பெரும்பாலும் கேட்கிறோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, நம் உடம்பு எதையெல்லாம் கற்று ஞாபகம் வைத்திருக்கிறது என்ற கேள்வி.

முதலில் கிருமி செய்யும் வேலையைப் பார்ப்போம். எல்லாக் கிருமியும் ஒரே மாதிரி நோய் உண்டாக்குவதில்லை. காலரா பாக்டீரியா குடலின் சுவரைத் துளைத்து உள்ளே போவதே இல்லை. சுவரின் மேலே ஒட்டிக்கொண்டு ஒரு நச்சுப் பொருளைச் சுரக்கிறது. அந்த நச்சு குடல் செல்களை விடாமல் உப்பையும் நீரையும் கொட்ட வைக்கிறது. நோய் கடுமையானால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீர்கூட உடம்பிலிருந்து வெளியேறிவிடலாம். இந்த நச்சு இருப்பதை 1959-இல் கல்கத்தாவில் முயல்களின் குடலை வைத்து நிரூபித்தவர் சம்புநாத் டே. அவருடைய பெயர் இன்னும் பரவலாகத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. காலராவின்போதும் குடலில் ஒரு வழி கெடாமல் இருக்கிறது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் செல்கள் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், கூடவே நீரும் போகும். உப்பு சர்க்கரைக் கரைசல் உயிரைக் காப்பது இதனால்தான்.

காசநோய்க் கிருமியின் போக்கு வேறு. கிருமிகளை விழுங்கிச் செரிக்க வேண்டிய வெள்ளை அணுவுக்குள்ளேயே போய்க் குடியேறி, வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிடும். வைரஸ்களுக்குத் தானாகப் பெருகும் வசதி இல்லை. அதனால் நம் செல்லுக்குள் புகுந்து, அங்கே இருக்கும் ஏற்பாடுகளை வைத்தே தன் நகல்களை எடுத்துக்கொள்கின்றன. ஆன்டிபயாடிக் மருந்துகள் தாக்குவது பாக்டீரியாவுக்கென்று இருக்கும் உறுப்புகளை. வைரஸிடம் அவை இல்லாததால் சளிக்கும் ஃப்ளூவுக்கும் அந்த மாத்திரை வேலை செய்யாது.

சரி, உடம்பு என்ன செய்கிறது? தோல், மூக்கின் சளிப்படலம், இரைப்பையின் அமிலம் எல்லாம் தாண்டி ஒரு கிருமி உள்ளே வந்துவிட்டால், சில மணி நேரத்துக்குள் வெள்ளை அணுக்கள் அந்த இடத்தில் கூடுகின்றன. இரத்தக் குழாய்கள் விரிகின்றன, இடம் சிவந்து வீங்குகிறது. புண்ணில் கட்டும் சீழில் பெரும்பகுதி, கிருமிகளை விழுங்கிவிட்டு இறந்துபோன நம் வெள்ளை அணுக்கள்தான். காய்ச்சலும் அப்படியே. வெள்ளை அணுக்கள் அனுப்பும் சேதி மூளைக்கு எட்டியதும், மூளை உடம்பின் வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது. பல கிருமிகள் அந்தச் சூட்டில் சுலபமாகப் பெருக முடிவதில்லை. தட்டம்மையில் மேனியெங்கும் சிவக்கிறதே, அதைக்கூட உண்டாக்குவது வைரஸ் தாக்கிய செல்களை நம் அணுக்கள் அழிக்கும் வேலைதான். எதிர்ப்பு மிகவும் குன்றியவர்களுக்குத் தடிப்பே இல்லாமல் தட்டம்மை வருவதுண்டு. அவர்களுக்குத்தான் ஆபத்தும் அதிகம்.

இந்த எதிர்வினை அளவு மீறினாலும் ஆபத்துதான். ஓர் இடத்தில் இருந்த தொற்றுக்கு உடம்பு முழுவதும் கட்டுப்பாடில்லாமல் வினையாற்றி, இரத்த அழுத்தம் விழுந்து, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நிலையை செப்சிஸ் என்கிறோம். நோய் எதிர்ப்பு என்பது கூட்டிக்கொண்டே போனால் நல்லது என்று நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

முதல் சுற்று இப்படி நடக்கும்போதே, கிருமியின் துண்டுகள் நிணநீர்க் கணுக்களுக்கு எடுத்துச் செல்லப்படுகின்றன. தொண்டைப் புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டுகிறது என்கிறோமே, அந்தக் கணுக்கள்தான். அங்கே பி செல், டி செல் என்ற அணுக்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தை மட்டுமே அடையாளம் காணும். எந்தப் பூட்டு வரும் என்று தெரியாமலே கோடிக்கணக்கில் விதவிதமான சாவிகளை முன்கூட்டியே செய்து வைத்தது போன்ற ஏற்பாடு இது. மரபணுத் துண்டுகளை மாற்றி மாற்றி இணைத்து உடம்பு இந்த வகைகளை உண்டாக்குகிறது என்று காட்டிய சுசுமு டொனெகாவாவுக்கு 1987-இல் நோபல் பரிசு கிடைத்தது. பொருந்தும் அணு பெருகி, அந்தக் கிருமியைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புரதங்களை, அதாவது ஆன்டிபாடிகளைச் சுரக்கத் தொடங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். முதல் தடவை நாம் படுத்துக் கிடப்பது அந்த இடைவெளியில்தான். நோய் போன பிறகும் அந்த அணுக்களில் சில தங்கிவிடும். அதே கிருமி மறுபடி வந்தால் சில நாட்களிலேயே எதிர்ப்பு தயாராகிவிடும், பல சமயம் நமக்குத் தெரியாமலே.

எல்லா நோயும் இப்படி நல்லபடியாகக் கற்றுத் தருவதில்லை. ஃப்ளூ வைரஸ் தன் மேற்பரப்பை மாற்றிக்கொண்டே வருவதால் பழைய ஞாபகம் அரைகுறையாகத்தான் உதவும். ரண ஜன்னியில், அதாவது டெட்டனஸில், சிக்கல் இன்னும் விசித்திரமானது. அதன் நச்சு எவ்வளவு வீரியமானது என்றால், உடம்பு கற்றுக்கொள்ளத் தேவையான அளவுக்குக் கீழேயே ஆளைக் கொல்லும் சக்தி அதற்கு உண்டு. பிழைத்து எழுந்தவர்கூடத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புறம், மறுபடியும் தட்டம்மை. ஃபரோ தீவின் முதியவர்கள் அந்த நோயை மறக்கவில்லை என்று சொன்னேன். ஆனால் அந்த வைரஸ் மற்ற ஞாபகங்களை அழிக்கக்கூடியது. அது முக்கியமாகப் பிடிப்பதே ஞாபக அணுக்களைத்தான். 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் இரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மற்ற கிருமிகளுக்கு எதிராக அந்தக் குழந்தைகள் முன்பு சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புரத வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. தடிப்பு மறைந்து, குழந்தை விளையாடப் போய்விட்டது என்று வீட்டில் நிம்மதி அடைந்திருப்பார்கள். உள்ளேயோ அது சிரமப்பட்டுக் கற்றதில் ஒரு பகுதி போயிருக்கும். அதை மீண்டும் பெற, பழைய கிருமிகளை ஒவ்வொன்றாக மறுபடி சந்திக்க வேண்டும். தட்டம்மை வந்து போகட்டும், இயற்கையாகவே எதிர்ப்பு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த எதிர்ப்புக்குக் கொடுக்கும் விலை இவ்வளவு என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தடுப்பூசியில் இருப்பது வலுவிழந்த வைரஸ். தட்டம்மையை உடம்புக்கு அது கற்றுத் தருகிறது, மற்ற ஞாபகங்களைத் தொடுவதில்லை. அதே ஆய்வில் தடுப்பூசி போட்ட குழந்தைகளிடம் இந்த இழப்பு காணப்படவில்லை. இரண்டு தவணையும் போட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் அளவில் பாதுகாப்புக் கிடைக்கிறது.

பிறந்த குழந்தைக்குத் தாயின் எதிர்ப்புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாக வந்து சேர்கின்றன. சில மாதங்களில் அவை கரைந்துபோகும். அவை இருக்கும்போது ஊசி சரியாகப் பலிக்காது என்பதால், முதல் தவணை பெரும்பாலும் 9 அல்லது 12 மாதத்தில் போடப்படுகிறது. இடையில் உள்ள சில மாதங்கள் அந்தக் குழந்தைக்குத் தாயின் துணையும் போதாது, சொந்த ஞாபகமும் இருக்காது. சுற்றி இருப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது எதிர்ப்புப் பெற்றிருந்தால்தான் தட்டம்மை அதனிடம் போய்ச் சேரும் வழி அடைபடும். ஆகவே வீட்டில் பெரிய பிள்ளைகளுக்கு இரண்டாவது தவணை விட்டுப்போயிருக்கிறதா என்று தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் வயது கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம், இப்போதும் போடலாம். மருத்துவரிடம் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.