கம்பியின் மேல் ஓடும் வரிகள்

வணக்கம் நேயர்களே. வீடு கட்டுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி கம்பி வாங்கலாம் சார்?" அடுத்தது, கிலோ என்ன விலை. கம்பியைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறவர்கள் ரொம்பக் குறைவு. அந்த விரலில் நெருடுகிற வரிகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கடலூர் முதுநகரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது பக்கத்தில் நின்றிருந்தேன். பீமை உடைத்து இழுத்ததும் கம்பி ஒன்று உறையிலிருந்து கத்தியை உருவுவதுபோல் வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் குழாய்போல வழவழப்பான துளை. அந்தக் காலத்து உருண்டைக் கம்பி அது. அதன் பிடிமானமெல்லாம் நுனியில் வளைத்துவிட்ட கொக்கியில்தான். பிற்பாடு கட்டிய மாடியில் வரிக் கம்பி போட்டிருந்தார்கள். சம்மட்டியால் அடித்தும் இரண்டு வரிகளுக்கு நடுவே இருந்த சாந்து உதிரவில்லை.

கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுத்தால் வெடித்துவிடும். இழுப்பைக் கம்பி ஏற்க வேண்டுமானால் இரண்டும் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருக்க வேண்டும். வழவழப்பான கம்பியை இழுத்தால் அது மயிரிழை அளவு மெலியும். அதோடு பிடிப்பும் தளரும். வரி இருந்தால் அது கான்கிரீட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, வரிக் கம்பிக்கு 60 சதவீதம் கூடுதல் பிடிப்பைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

சரி, கம்பி ஏன் உருண்டையாக இருக்க வேண்டும்? அதே பரப்புள்ள சதுரக் கம்பிக்குச் சுற்றளவு சுமார் 13 சதவீதம் அதிகம். ஒட்டுவதற்கு இடமும் அதிகம்தானே? ஆனால் சதுரத்தின் மூலைகளில் விசை குவிந்து, அங்கிருந்து விரிசல் கிளம்பும். வளைக்கும்போதும் புரண்டுகொள்ளும். உருண்டைக் கம்பி எந்தப் பக்கம் வளைத்தாலும் ஒரே மாதிரி வளையும். அமெரிக்காவில் எர்னஸ்ட் ரான்சம் 1884-இல் சதுரக் கம்பியை முறுக்கிக் காப்புரிமை வாங்கினார். முறுக்கியதால் பிடிப்பும் வந்தது, வலுவும் ஏறியது. நம் ஊருக்குப் பிற்காலத்தில் வந்த முறுக்குக் கம்பியும் இதே வழிதான். ஆனால் குளிர்ந்த நிலையில் முறுக்கிய கம்பி சீக்கிரம் துருப்பிடித்தது. அந்த இடத்துக்கு, சூடாக உருட்டியதும் தண்ணீரில் சட்டென்று குளிரவைக்கிற டி.எம்.டி. கம்பி வந்தது. அதில் வரியை உருட்டும்போதே பதித்துவிடுகிறார்கள், முறுக்குவதில்லை. கடையில் இன்றும் அதை முறுக்குக் கம்பி என்றுதான் கேட்கிறோம்!

இன்னொரு கணக்கு. ஒரு 16 மி.மீ. கம்பிக்குப் பதில் நான்கு 8 மி.மீ. கம்பி போட்டால் இரும்பின் பரப்பு அதேதான், கான்கிரீட்டைத் தொடும் சுற்றளவு மட்டும் இரண்டு மடங்கு. தளத்தில் மெல்லிய கம்பியை நெருக்கமாகப் போடச் சொல்வது இதனால்தான். விரிசல் விழுந்தாலும் மெல்லியதாகவே விழும்.

வரிக்கு ஒரு விலையும் உண்டு. முட்டுகிற வரி கான்கிரீட்டை வெளிப்பக்கமாகவும் பிளக்கப் பார்க்கும். அதை அடக்குவது சுற்றிக் கட்டும் கம்பி வளையமான ரிங்கும், கம்பிக்கு மேலே விடும் கான்கிரீட் கனமான கவரிங்கும்தான். கவரிங் குறைந்தால் கடலோரத்தில் உப்புக்காற்று கம்பியை எட்டிவிடும். துரு ஊதி, உள்ளிருந்தே பிளக்கும். உப்புக்காற்று நேரே படுகிற பகுதிக்கு 45 மி.மீ. கவரிங், எம்30 தரக் கான்கிரீட் என்கிறது அதே விதி. தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ கட்டுகிறவர்கள் இதில் ஒரு மில்லிமீட்டர்கூட விட்டுக்கொடுக்காதீர்கள். கருங்கல் சில்லை முட்டுக்கொடுப்பதைத் தடுத்து, கவரிங் அளவுக்கே வார்த்த கவர் பிளாக் என்ற சிறு கட்டைகளைக் கம்பிக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், கலவையைத் தாங்க அடியில் அடிக்கும் சென்ட்ரிங் தகட்டுக்கு எண்ணெய் பூசுவதைக் கம்பி கட்டுவதற்கு முன்பே முடித்துவிடச் சொல்லுங்கள். கம்பி கட்டியபின் பூசினால் அந்த எண்ணெய் வரிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டு பிடிப்பைக் கெடுக்கும். தளம் போடுகிற அன்று காலை ஒரு துணியை எடுத்துக்கொண்டு மேலே ஏறுங்கள். நாலைந்து இடத்தில் கம்பியைத் துடைத்துப் பாருங்கள். துணியில் எண்ணெய் ஒட்டினால், கலவையைக் கொட்ட விடாதீர்கள்.