இசை ஆசிரியர் ஜெனரல் ஆன கதை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கிரியர்சன் என்றதும் நம்மில் பலருக்கு இந்திய மொழிகளைக் கணக்கெடுத்த ஜார்ஜ் கிரியர்சன்தான் ஞாபகத்துக்கு வருவார். இன்று நான் பேச வந்தது பெஞ்சமின் கிரியர்சனைப் பற்றி. இவர் அமெரிக்கக் குதிரைப்படை அதிகாரி. உள்நாட்டுப் போரில் அவர் நடத்திய 16 நாள் ஊடுருவலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லப்போகிறேன். ஆனால் அவர்மேல் எனக்கு மதிப்பு வந்ததற்குக் காரணம், அதற்கப்புறம் அவர் கர்னலாகவே கழித்த 24 வருடங்கள்.

1826-ல் பிட்ஸ்பர்கில் பிறந்தவர். எட்டு வயதில் ஒரு குதிரை முகத்திலேயே உதைத்துவிட்டது. கொஞ்ச நாள் கண் தெரியாமல் கிடந்தார். தழும்பு கடைசிவரை போகவில்லை. வளர்ந்தபின் இலினாய் மாநிலத்து ஜாக்சன்வில் ஊரில் இசை சொல்லிக்கொடுத்தார், பேண்டு குழு நடத்தினார். பிறகு வியாபாரத்தில் இறங்கி நொடித்துப்போனார். 1861-ல் போர் மூண்டபோது காலாட்படைக்குப் போகத்தான் ஆசைப்பட்டார். கிடைத்ததோ 6-ஆவது இலினாய் குதிரைப்படையில் மேஜர் பதவி. ராணுவக் கல்லூரியின் வாசற்படியை மிதிக்காத மனிதர், அடுத்த ஆண்டே கர்னல் ஆகிவிட்டார்.

1863 வசந்த காலம். மிசிசிப்பி ஆற்றங்கரையில் விக்ஸ்பர்க் என்ற அரண் நகரம், பிரிந்துபோன தென் மாநிலத்தார் கையில் இருக்கிறது. கிரியர்சன் இருந்த வடக்குப் படையின் தளபதி கிராண்ட், தன் ஆட்களை அதற்குத் தெற்கே ஆற்றைத் தாண்டவைக்க வேண்டும். அந்த நேரத்தில் எதிரித் தளபதி பெம்பர்ட்டனின் கண் வேறு பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அந்த வேலைதான் கிரியர்சனுக்கு.

ஏப்ரல் 17 அன்று டென்னசியின் லா கிரேஞ்சிலிருந்து 1,700 பேரோடு கிளம்பினார். நான்காம் நாள், உடம்புக்கு முடியாத 175 பேரை வந்த வழியே திருப்பி அனுப்பினார். மொத்தப் படையும் திரும்பிவிட்டது போலத் தடம் தெரியட்டும் என்ற கணக்கு. மறுநாள் 2-ஆவது அயோவா படையைத் தனியே பிரித்துவிட்டார். அந்தப் படையினர் செய்த காரியத்தைக் கேளுங்கள். அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு சிறு பீரங்கி. அதைச் சேற்றுப் பாதையில் நான்கு இடங்களில் வளைத்துத் திருப்பினார்கள். பின்னால் துரத்தி வருகிறவன் சக்கரத் தடத்தைப் பார்த்தால் நான்கு பீரங்கி போயிருக்கிறது என்றுதான் நினைப்பான். துரத்தி வந்த படையும் அவர்கள் பின்னாலேயே போனது. கிரியர்சன் தெற்கே நழுவிவிட்டார்.

ஏப்ரல் 24. நியூட்டன் ஸ்டேஷன். விக்ஸ்பர்குக்குச் சாமான் போகிற ரயில் பாதை அது. எதிரி உடுப்பில் ஒற்றர்கள் முன்னால் போனார்கள். அடுத்தடுத்து வந்த இரண்டு ரயில்களைப் பிடித்தார்கள். வெடிமருந்துப் பெட்டிகள் எரிந்தன, எஞ்சின்கள் உடைக்கப்பட்டன, தந்திக் கம்பிகள் அறுக்கப்பட்டன. பெம்பர்ட்டன் தன்னிடம் இருந்த கொஞ்சநஞ்சக் குதிரைப்படையையும் கிரியர்சனைத் தேடி அனுப்பினார். அந்தத் தேடல் நடந்துகொண்டிருக்கும்போதே, ஏப்ரல் 30 அன்று, புரூயின்ஸ்பர்கில் கிராண்ட் ஆற்றைத் தாண்டினார்.

மே 2 அன்று, வடக்குப் படையின் கையில் இருந்த பேட்டன் ரூஜ் நகரை நெருங்கியபோது வீரர்கள் படுத்த இடத்தில் தூங்கிவிட்டார்கள். கிரியர்சன் மட்டும், தூங்கிவிடக் கூடாதென்று, பக்கத்திலிருந்த பண்ணை வீட்டுக்குள் போய்ப் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். சுமார் 960 கிலோமீட்டர் பயணத்தில் அவர் பக்கம் இறந்தவர்கள் மூன்றே பேர். ஜூன் மாதமே, போருக்கென்று திரட்டிய தன்னார்வப் படையில், கர்னலுக்கு மேலான பிரிகேடியர் ஜெனரல் ஆனார்.

போர் முடிந்ததும் தன்னார்வப் படையும் கலைந்தது, அதோடு அந்தப் பதவியும் போனது. 1866-ல் நிரந்தர ராணுவத்தில் கர்னலாகச் சேர்ந்தார். அவருக்குக் கொடுத்தது புதிதாக உருவான 10-ஆவது குதிரைப்படை. வீரர்கள் அத்தனை பேரும் கறுப்பினத்தவர். பல வெள்ளை அதிகாரிகள் அத்தகைய படைகளில் பதவியே வேண்டாம் என்று ஒதுங்கியிருந்த சமயம். லெவன்வொர்த் கோட்டையில் இவருடைய ஆட்களுக்குச் சதுப்பு நிலத்தில் கூடாரம் போட இடம் கொடுத்தார்கள், நோய் வந்தது. அணிவகுப்பில் வெள்ளை வீரர்களை ஒட்டி நிற்கக் கூடாது என்று உத்தரவு. கிரியர்சன் கோட்டைத் தளபதியிடம் எல்லோர் முன்னாலும் சண்டை போட்டார். அறிக்கைகளில் 'கறுப்பர் படை' என்று எழுதவும் அவர் விடவில்லை. '10-ஆவது குதிரைப்படை, அமெரிக்க ராணுவம்' என்றுதான் எழுத வேண்டும் என்றார். ரயிலைக் கொளுத்தியதைவிட இதற்குத்தான் துணிச்சல் அதிகம் வேண்டும் என்பேன்.

கயோவா, கொமாஞ்சி என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களிடம் பேசித் தீர்க்கலாம் என்று நம்பியவர். மேலதிகாரிகள் பலருக்கு அது ரசிக்கவில்லை. 1880-ல் இன்னொரு பூர்வகுடியான அப்பாச்சிகளின் தலைவர் விக்டோரியோவை மேற்கு டெக்சாஸில் எதிர்கொண்டபோதும், பாலைவனத்தில் துரத்தி ஓடாமல், தண்ணீர் இருக்கும் இடங்களைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் கிடைக்காமல் விக்டோரியோ பின்வாங்க வேண்டியதாயிற்று. சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்ட விக்டோரியோ பக்கம் நியாயம் இருந்தது. அதை மறைத்துவிட்டு இந்த வெற்றியைப் பேச எனக்கு மனசு வரவில்லை.

மறு ஆண்டு, வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான ஹென்றி ஃபிளிப்பரை டேவிஸ் கோட்டையில் ராணுவ விசாரணைக்கு நிறுத்தினார்கள். 10-ஆவது படையின் அதிகாரி அவர். கிரியர்சன் அவருக்கு ஆதரவாக எழுதிக் கொடுத்தார். பணக் கையாடல் நிரூபணமாகவில்லை. ஆனாலும் வேறொரு குற்றம் சொல்லி வேலையிலிருந்து நீக்கினார்கள். அவருக்கு மன்னிப்பு வந்தது 1999-ல், அதிபர் கிளின்டன் காலத்தில்.

சரி, கிரியர்சனின் பதவி உயர்வு என்ன ஆயிற்று? அவருக்குப் பின்னால் கர்னல் ஆன மெக்கன்சி 1882-லேயே ஜெனரல் ஆகிவிட்டார். இவர் காத்திருந்தார். 1888 டிசம்பரில் படையை விட்டுப் பிரியும்போது ஓர் உத்தரவு எழுதினார். நீங்கள் செய்த சேவைக்கு என்றைக்காவது உரிய அங்கீகாரம் கிடைக்காமல் போகாது என்று தன் வீரர்களுக்கு அதில் உறுதி சொன்னார். அவருக்கான உத்தரவு 1890 ஏப்ரலில் வந்தது: நிரந்தர ராணுவத்தில் பிரிகேடியர் ஜெனரல். ஜூலை 8 அன்று 64 வயது நிறைந்தது, ஓய்வு பெற்றார். பதவியில் இருந்தது மூன்று மாதம்.

இவ்வளவு நேரம் கேட்டதற்கு நன்றி. வணக்கம்.