கசிந்து நின்றாலும் கவனியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கணையத்தில் அறுவை சிகிச்சை முடிந்து வெளியே வந்தால் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா டாக்டர்?" முடிந்தது என்றதும் அவர்கள் முகம் தெளிந்துவிடும். எனக்கோ அடுத்த இரண்டு வாரக் கவலை அப்போதுதான் தொடங்கும்.

காரணம் ரத்தக்கசிவு. முதல் 24 மணி நேரத்தில் கசிந்தால், பெரும்பாலும் ஒரு முடிச்சு நெகிழ்ந்திருக்கும், அல்லது ரத்தம் சரியாக உறையவில்லை.

உறைவது என்றதும் எனக்குக் கோழிக்குஞ்சு ஞாபகம் வந்துவிடும். சிரிக்காதீர்கள். 1930ஐ ஒட்டி, கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் என்பவர் கொழுப்பு நீக்கிய தீனியைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவற்றுக்குத் தோலுக்கடியில் ரத்தம் கசிந்தது. அதைத் துருவியபோது கிடைத்ததுதான் வைட்டமின் கே. அது உடம்பில் சேரப் பித்தநீர் வேண்டும். கணையத் தலையில் கட்டி வந்தால் பித்தநீரின் பாதை அடைபட்டுக் காமாலை வரும், வைட்டமின் சேராது, கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. அதனால்தான் 1935இல் அமெரிக்க சர்ஜன் ஆலன் விப்பிள், கணையத் தலையை அகற்றும் இந்த அறுவையை இரண்டு கட்டமாகச் செய்தார்: முதலில் பித்தநீருக்கு மாற்றுவழி, பிறகுதான் கட்டி. வைட்டமின் கே வந்த பிறகு, 1940இல், ஒரே கட்டமாகச் செய்ய முடிந்தது. டாமுக்கு 1943ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. காமாலையோடு வருபவருக்கு இன்றும் முதலில் ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கிறோம். தேவையென்றால் வைட்டமின் கே ஊசிதான்.

சரி, நான் அதிகம் பயப்படுவது தாமதமாக வரும் கசிவுக்கு. கணையத்தைக் குடலோடு தைத்த இடம் சில சமயம் ஒழுகும். ஒழுகுவது, இறைச்சியையே கரைக்கும் செரிமானச் சாறு. பக்கத்தில்தான் நாங்கள் வெட்டிக் கட்டிய தமனியின் முனை இருக்கிறது. சாறு அதன் சுவரை அரிக்கும், சுவர் உப்பும், ஒரு நாள் வெடிக்கும். சில சர்ஜன்கள் முன்கூட்டியே கொழுப்புத் திசுவால் அந்த முனையைச் சுற்றி மூடிவிடுகிறார்கள்.

பெரிய கசிவுக்கு முன் பல நேரம் சின்னக் கசிவு ஒன்று வரும். வயிற்றுக்குள் தேங்குவதை வெளியேற்ற நாங்கள் வைக்கும் வடிகுழாயில் கொஞ்சம் சிவப்பு, அப்புறம் தானாக நின்றுவிடும். "நின்னுடுச்சே" என்று விடக்கூடாது. திரும்பச் சொல்கிறேன், நின்றாலும் விடக்கூடாது. உடனே, ரத்தக்குழாய்கள் தெளிவாகத் தெரிவதற்கான மருந்தைச் செலுத்தி சி.டி. ஸ்கேன். ரத்தக்குழாய் உப்பியிருந்தால், பெரும்பாலும் வயிற்றைத் திறக்காமலே, தொடை வழியாகக் கம்பி விட்டு அடைத்துவிடலாம்.

நெதர்லாந்தில் இதை நாடு முழுக்கச் சோதித்தார்கள். முடிவு 2022இல் வெளிவந்தது. 1,748 நோயாளிகள். புது மருந்து எதுவும் இல்லை. தினமும் காய்ச்சல், ரத்தப் பரிசோதனை, வடிகுழாயில் வருவது என்று ஒழுங்காகப் பார்த்து, மாற்றம் தெரிந்தால் தாமதிக்காமல் ஸ்கேன், அவ்வளவுதான். தலையீடு தேவைப்பட்ட ரத்தக்கசிவு, உறுப்புச் செயலிழப்பு, மரணம் மூன்றும் சேர்த்து 14 சதவீதமாக இருந்தது 8 ஆனது.

நேரம் முடிகிறதென்று சைகை காட்டுகிறார்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகள் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒன்று மட்டும்: எதை நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு மலம் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, திடீரென்று தலை சுற்றினாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். வணக்கம்.