தீபாவளிக்குச் சிரித்தே ஆக வேண்டுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்கிவிட்டது. ஊரெல்லாம் துணி, பட்டாசு, பஸ் டிக்கெட் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கிற பேச்சு வேறு. "எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க, எனக்கு மட்டும் என்ன கேடு?" ஐப்பசி பிறந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடும்.

நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. அக்கம்பக்கத்தார் முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து கொடுப்பார்கள், ஆனால் வாழ்த்துச் சொல்ல மாட்டார்கள். சின்னப் பிள்ளை ஏங்குகிறதே என்று பக்கத்து வீட்டு அக்கா தன் வாசலுக்குக் கூப்பிட்டு ரெண்டு மத்தாப்பு கையில் கொடுப்பாள். விதவைகளைக் காலமெல்லாம் மூலையில் உட்கார வைத்ததும் இதே சமூகம்தான், அதை நான் மறக்கவில்லை. இருந்தாலும், துக்கத்தில் இருப்பவரிடம் சிரிப்பைக் கேட்கக் கூடாது என்கிற நாகரிகம் இதற்குள் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சலுகை சாவுக்கு மட்டும்தான். விவாகரத்து வழக்கு நடக்கிற பெண்ணுக்கு இல்லை. கரு கலைந்து ஒரு மாதம்கூட ஆகாதவளுக்கு இல்லை. சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம் என்கிறார்கள். வேலையே போனவருக்கு எதில் சதவீதம் போடுவது? கடன் வாங்கித் தலை தீபாவளி மோதிரம் போட்ட மாமனார் இருக்கிறாரே, அவர்தான் போட்டோவில் எல்லாரையும்விட அகலமாகச் சிரித்தாக வேண்டும்! விடிவதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வரத் தொடங்கிவிடும். ஓரத்தில் மஞ்சள் தடவிய புதுத் துணியும் சிரிப்புமாக. "உங்க வீட்டுப் படம் எங்கே?" என்று ஒரு சித்தப்பா கேட்பார்.

ஐரிஸ் மௌஸ் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மகிழ்ச்சி எவ்வளவு முக்கியம் என்று சொல்லும் கட்டுரை ஒன்றைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்து, அப்புறம் ஒரு சந்தோஷமான படக்காட்சியைக் காட்டினார்கள். அந்தக் கட்டுரையைப் படிக்காதவர்களைவிடப் படித்தவர்களுக்குத்தான் அதில் மகிழ்ச்சி குறைவு. இவ்வளவு சந்தோஷப்பட வேண்டும் என்று மனதில் ஒரு கணக்கு விழுந்துவிட்டால், கிடைத்தது எப்போதும் குறைவாகத்தான் தெரியும். நம் தீபாவளி விளம்பரங்கள் ஒரு மாதமாக இதே வேலையைத்தான் செய்கின்றன.

அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சின்னதாகத்தான் சொல்வேன். எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள். பசித்தால் ரெண்டு இட்லி சாப்பிடுங்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள். படம் அனுப்பாவிட்டால் யாரும் ஜெயிலில் போட மாட்டார்கள். உறவில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால், அவரிடம் "தீபாவளி ஜோரா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "சாப்பிட்டியாப்பா, நான் வரட்டுமா?" என்று கேளுங்கள். வர வேண்டாம் என்றால் சரி, பலகாரத்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்கிற அரசு மனநலச் சேவை இது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம்.

வணக்கம்.