4294967297 பகா எண்ணா? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்ததாக ஒரு நேயர் அனுப்பியிருக்கும் சந்தேகத்தைப் பார்ப்போம். '4294967297 என்ற எண்ணை ஃபெர்மா சோதனையில் 2-ஐ வைத்துப் பார்த்தபோது, பகா எண்ணுக்கு வர வேண்டிய 1 என்ற மீதியே வந்தது; ஆனால் இது பகு எண் என்கிறார்கள். எது சரி? இந்த எண் எந்தெந்த வகைகளில் சேரும்?' என்று கேட்டிருக்கிறார்.

ஃபெர்மா சோதனை என்பது, 2 போன்ற ஓர் எண்ணை, சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியைப் பார்ப்பது. இது பகு எண்தான். 641-ஐ 6700417-ஆல் பெருக்கினால் இந்த எண் கிடைக்கும். அவ்விரண்டும் பகா எண்கள். ஆனாலும் நீங்கள் போட்ட கணக்கில் பிழை எதுவும் இல்லை. நம் எண் 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டியது என்பதால், அந்த அடுக்கை நம் எண்ணால் வகுக்கும்போது மீதியை −1 என்று கொள்ளலாம். அதை வர்க்கப்படுத்தி 64-ஆம் அடுக்குக்குச் சென்றால் மீதி 1 ஆகிவிடுகிறது. சோதனையில் நீங்கள் எடுத்துக்கொண்ட அடுக்கோ 4294967296. அது 64-இன் மடங்கு என்பதால், 1-ஐத் தவிர வேறு மீதி வருவதற்கு வழியே இல்லை. இப்படிச் சோதனையில் தேறிவிடும் பகு எண்ணைப் போலிப் பகா எண் என்பார்கள். அதே சோதனையை 3-ஐ வைத்துச் செய்து பாருங்கள், சாயம் வெளுத்துவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த எண்ணைப் பகா எண் என்று நம்பியவர்களில் அந்தச் சோதனைக்குப் பெயர் தந்த கணித அறிஞர் ஃபெர்மாவே முதன்மையானவர். 2-இன் 1, 2, 4, 8, 16 ஆகிய அடுக்குகளோடு 1-ஐக் கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையில் ஐந்தும் பகா எண்களாக இருந்ததால், தொடர்ந்து வருபவை அனைத்தும் அப்படியே இருக்கும் என்று 1640-இல் அவர் கருதினார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் சொல்லியிருந்தார். வரிசையின் ஆறாவது எண்ணான இதை 1732-இல் கணித அறிஞர் ஆய்லர் காரணிகளாக உடைத்தார். 65536 வரை உள்ள 6542 பகா எண்களையும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இதன் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும் என்று பின்னாளில் அவரே நிறுவினார். அந்த விதிக்குப் பொருந்தும் பகா எண்களில் 193, 257, 449, 577 ஆகியவை வகுக்கவில்லை என்று ஒதுக்கினால் ஐந்தாவது முயற்சியிலேயே 641 அகப்பட்டுவிடுகிறது.

வகுக்காமலும் இதைக் காட்டலாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 4-ஆல் வகுத்து 1 மீதி தரும் பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். நம் எண்ணோ 65536-இன் வர்க்கத்தோடு 1-இன் வர்க்கத்தைக் கூட்டினாலும் வருகிறது, 62264-இன் வர்க்கத்தோடு 20449-இன் வர்க்கத்தைக் கூட்டினாலும் வருகிறது. ஆகவே இது பகா எண்ணாக இருக்க முடியாது.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இது ஒற்றை எண்; இதற்கு நான்கே வகுத்திகள்; எந்தப் பகா எண்ணின் வர்க்கமும் இதை வகுக்காது. தன்னை நீக்கிய வகுத்திகளின் கூட்டுத்தொகை 6701059 மட்டுமே என்பதால் இது குறைவெண்.

இதைவிட இரண்டு குறைந்த 4294967295, முன்னர் சொன்ன ஐந்து பகா எண்களின் பெருக்கற்பலன். அத்தனை பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்பது கணித அறிஞர் காஸின் ஆய்விலிருந்து கிடைக்கிறது. ஆறாவது எண் பகு எண்ணாகி, அதன் காரணிகளான 641, 6700417 ஆகியவை ஃபெர்மாவின் வரிசையில் இல்லாததால், 4294967297 பக்கங்கள் கொண்ட பலகோணத்தை அவ்வாறு வரைய முடியாது.