அமெரிக்காவின் கடன் உச்சவரம்புச் சண்டை வெறும் நாடகமா?

அடுத்த கேள்வி. "சார், அமெரிக்காவில் சில வருஷத்துக்கு ஒரு தடவை கடன் உச்சவரம்பு என்று சொல்லி இரண்டு கட்சியும் மல்லுக்கட்டுகிறார்கள், கடைசி நாளில் சமாதானமாகிவிடுகிறார்கள். நாடகம்தானே இது? பணம் போதவில்லை என்றால் டாலரை அச்சடித்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

நாடகம்தான், ஆனால் செலவு பிடிக்கிற நாடகம். அந்தச் செலவு எங்கே ஏறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கடன் உச்சவரம்பு என்றால் அரசு மொத்தமாக எவ்வளவு கடன் வைத்திருக்கலாம் என்று சட்டம் போட்டிருக்கும் எல்லை. இந்த வரம்பை உயர்த்தினால் அரசுக்குப் புதிதாகச் செலவு செய்ய அனுமதி கிடைக்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எவ்வளவு செலவு, எவ்வளவு வரி என்பதற்கெல்லாம் காங்கிரஸ், அதாவது அவர்களுடைய நாடாளுமன்றம், ஏற்கெனவே சட்டம் போட்டு முடித்துவிட்டது. வரவுக்கும் செலவுக்கும் நடுவே துண்டு விழுகிறது. அந்தத் துண்டை அடைக்கக் கடன் வாங்கலாமா என்று அதே காங்கிரஸ் தனியாக இன்னொரு தடவை ஓட்டுப் போடுகிறது, அவ்வளவுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் உலகப் போர் நேரத்தில், 1917-ல், ஒவ்வொரு கடன் பத்திரத்துக்கும் காங்கிரஸிடம் போய் நிற்க வேண்டாம் என்று வேலையைச் சுலபமாக்கத்தான் இந்த ஏற்பாடே வந்தது.

சரி, 2011-க்கு வருவோம். ஜனநாயகக் கட்சியின் ஒபாமா ஜனாதிபதி, காங்கிரஸின் கீழவை எதிரணியான குடியரசுக் கட்சி கையில். செலவை வெட்டினால்தான் வரம்பை உயர்த்துவோம் என்று பிடிவாதம் பிடித்தார்கள். ஆகஸ்ட் 2-ம் தேதி ஒருவழியாகச் சட்டம் நிறைவேறியது, பணம் யாருக்கும் நிற்கவில்லை. ஆனாலும் மூன்றே நாளில் கடனைத் திருப்பித் தரும் நம்பகத்தன்மைக்கு மதிப்பெண் போடும் எஸ் அண்ட் பி நிறுவனம் அமெரிக்காவின் தரத்தை உச்ச மதிப்பெண்ணான ஏஏஏ-விலிருந்து ஒரு படி கீழே இறக்கிவிட்டது. எஸ் அண்ட் பி-யின் கணக்கில் 2 லட்சம் கோடி டாலர் தப்பு இருக்கிறது என்று அமெரிக்க நிதித்துறை சுட்டிக்காட்டியும் முடிவை மாற்றவில்லை. அமெரிக்காவின் அரசியல் போக்கே சரியில்லை என்பதுதான் அந்த நிறுவனத்தின் வாதம். அடுத்த திங்கட்கிழமை அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடான டௌ ஜோன்ஸ் 600 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. இழுபறியால் அந்த நிதியாண்டில் கடன் வாங்கும் செலவு சுமார் 130 கோடி டாலர் கூடியது என்று அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பே பிறகு கணக்குப் போட்டது.

இந்த 130 கோடியெல்லாம் அமெரிக்காவுக்குச் சில்லறைக் காசு. நிஜமான அடி வேறு இடத்தில். வேலையில்லாதோர் விகிதம் 9 சதவீதம் இருந்த நேரத்தில், பேரத்தின் விலையாகப் பத்து வருஷச் செலவுக் குறைப்புக்கு ஒப்புக்கொண்டார்கள். எதை வெட்டுவது என்று கூடிப் பேச அமைத்த குழுவும் உடன்பாடில்லாமல் கலைந்தது, கடைசியில் 2013 மார்ச்சில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிற தானியங்கி வெட்டு அமலுக்கு வந்தது. பொருளாதாரம் எழுந்து நிற்கத் தடுமாறும்போது செய்கிற காரியமா இது? என்னைக் கேட்டால், தரக்குறைப்பைவிட இதுதான் பெரிய நஷ்டம்.

2023-ல் இன்னும் நெருக்கத்தில் பார்த்தோம். 31.4 லட்சம் கோடி டாலர் வரம்பு ஜனவரியிலேயே நிரம்பிவிட்டது. நிதியமைச்சர் ஜேனட் யெல்லன் அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியில் போட வேண்டிய முதலீட்டை நிறுத்திவைத்து, அதைத் தள்ளி இதைத் தள்ளி நாளைக் கடத்தினார். ஜூன் முதல் இரண்டு நாளில் மட்டும் 13,000 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. ஜூன் 1-ம் தேதி முடிவில் அரசின் கணக்கில் மிச்சம் இருந்தது ஏறத்தாழ 2,300 கோடி. அதற்கு முந்தைய மே மாதக் கடைசியில், ஜூன் தொடக்கத்தில் முதிர்வடையும் குறுகிய காலப் பத்திரங்களுக்குச் சந்தையில் 7 சதவீதம் வரை வட்டி கேட்டார்கள். அதே அரசு வெளியிட்ட, சில நாள் முன்னால் முதிர்வடையும் பத்திரத்துக்கோ அதைவிட வெகு குறைவு. பணம் வரும் தேதி மட்டும் சந்தேகம், அதற்கே இவ்வளவு வித்தியாசம். ஜூன் 3-ம் தேதி ஜனாதிபதி பைடன் கையெழுத்துப் போட்டு முடித்தார், ஆனால் ஆகஸ்டில் ஃபிட்ச் என்ற இன்னொரு தரமதிப்பீட்டு நிறுவனம் தரத்தைக் குறைத்தபோது சொன்ன காரணங்களில் இந்த இழுபறியும் ஒன்று.

இன்னொரு விநோதம், 2011-ல் தரத்தைக் குறைத்ததும் பயந்துபோன முதலீட்டாளர்கள் பங்குகளை விற்று ஓடிப்போய் வாங்கியது அதே அமெரிக்கப் பத்திரங்களைத்தான். வேறு போக்கிடம் இல்லை. அதனால்தான் அமெரிக்க அரசியல்வாதிகளுக்கும் குளிர்விட்டுப் போகிறது. இதில் ஒரு கட்சியை மட்டும் குறை சொல்ல மாட்டேன், செனட்டராக இருந்தபோது 2006-ல் வரம்பை உயர்த்தக்கூடாது என்று ஓட்டுப் போட்டவர் இதே ஒபாமாதான்.

அப்புறம் அச்சடிப்பது. டாலரை உருவாக்குவது அவர்களுடைய மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ், அது நிதியமைச்சர் சொன்னதும் அரசுக் கணக்கில் பணத்தைக் கொட்டாது. ஒரு சட்ட ஓட்டை மட்டும் உண்டு, பிளாட்டினம் நாணயத்துக்கு நிதியமைச்சர் எந்த முகமதிப்பும் வைக்கலாம். ஒரு லட்சம் கோடி டாலர் என்று பொறித்த ஒற்றை நாணயத்தை அடித்து பெடரல் ரிசர்வில் போட்டுவிட்டால் என்ன என்று அங்கே சிலர் நிஜமாகவே யோசனை சொன்னார்கள். யெல்லன் அது வெறும் ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிட்டார். 2025 ஜூலையில் வந்த சட்டம் வரம்பை ஒரேயடியாக 5 லட்சம் கோடி டாலர் உயர்த்தி 41.1 லட்சம் கோடியில் வைத்திருக்கிறது, அது நிரம்பும்வரை இந்தப் பஞ்சாயத்துக்கு விடுமுறை.