317 விநாடி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அரசுக் கிளை நூலகம் ஒன்றில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அறிவியல், தலைமைப் பண்பு, தன்னை வளர்த்துக்கொள்வது, இவற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஊக்கம் தரும் புத்தகங்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். முதலில் ஒரு பட்டியல் எழுதினேன். நாற்பது பெயர் சேர்ந்தது. இதை இங்கே வாசித்துவிட்டுப் போனால் யாருக்கு என்ன பயன் என்று தோன்றியது, கிழித்துப் போட்டுவிட்டேன். என் நூலகத்தில் அதிகம் தேய்ந்துபோன ஒரு புத்தகத்தைப் பற்றியும், அதை எழுதியவர் படித்த சில புத்தகங்களைப் பற்றியும் மட்டும் பேசுகிறேன்.

ஒரு ஜூன் மாதம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் ஒருவன் என் மேசை முன்னால் வந்து நின்றான். நுழைவுத் தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டது என்று அவன் அப்பா முன்தினமே சொல்லியிருந்தார். பையன் தலையைத் தூக்காமல் கேட்டான்: "ஜெயிக்கிறதுக்கு ஏதாவது புத்தகம் இருக்கா சார்?"

சுயமுன்னேற்ற நூல்களுக்கு எங்களிடம் ஒரு தனி அலமாரியே உண்டு. ஏழு வழிகள், பத்துப் படிகள், இருபத்தோரு நாட்கள் என்று வரிசையாக நிற்கும். அந்தப் பக்கம் போகாமல் 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். முதுகுத்துணி கிழிந்து இரண்டாம் முறை பைண்டிங் போட்ட பிரதி அது. தேதிச் சீட்டு நிரம்பி நிரம்பி, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சீட்டு ஒட்டியிருந்தோம். நடுவில் சில பக்கங்களின் ஓரம் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருக்கும். எந்தப் பக்கங்கள் என்று பிறகு சொல்கிறேன்.

அப்துல் கலாம் அவர்கள் அருண் திவாரியுடன் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதி 1999-இல் வெளிவந்த தன்வரலாறு அது. தமிழில் மு. சிவலிங்கம் மொழிபெயர்த்தார். ராமேஸ்வரத்துப் படகுக்காரர் மகன் ராக்கெட் விட்டார் என்ற அளவில் எல்லோருக்கும் தெரியும். அவரைப் புத்தகங்கள் எப்படி வந்தடைந்தன என்பதைத்தான் நான் கவனித்துப் படித்தேன். என் தொழில் அப்படி.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை ரத்து செய்துவிட்டார்கள். பத்திரிகைக் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து தூக்கி எறிவார்கள். பத்திரிகை முகவரான உறவினர் சம்சுதீனுக்காக அந்தக் கட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தவர் சிறுவன் கலாம். அவருடைய முதல் சம்பளமே அச்சடித்த தாளிலிருந்து வந்தது. அதே ஊரில் எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவர் வீட்டில் நல்ல நூல் சேகரம் இருந்தது. இந்தப் பையனுக்கு இரவல் கொடுத்து, படி, படி என்று தூண்டியவர் அவர். நூலகக் கட்டடம், பலகை, பதிவேடு எதுவும் இல்லாமல் ஒரு மனிதர் செய்த நூலகப் பணி. அந்த வரியைப் படித்தபோது என் வேலை மேல் எனக்கு மரியாதை கூடியது.

பிறகு சென்னை. குரோம்பேட்டை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் விமானப் பொறியியல் படித்த காலம். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அப்போது மூர் மார்க்கெட் இருந்தது. 1985 தீ விபத்தில் போய்விட்டது. இன்று அந்த இடத்தில் புறநகர் ரயிலுக்கு ஓடுகிறவர்களுக்கு, அங்கே ஒரு தலைமுறை பழைய புத்தகக் கடைகளில் குனிந்து நின்று படித்தது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அங்கே ஒரு பழைய புத்தகம் வாங்கினார் கலாம். 'லைட் ஃப்ரம் மெனி லாம்ப்ஸ்', பல விளக்குகளின் ஒளி என்று சொல்லலாம். லிலியன் ஐக்லர் வாட்சன் தொகுத்தது. பலர் எழுதிய நல்ல பகுதிகளும், அவை எந்தச் சூழலில் எழுதப்பட்டன என்ற குறிப்பும் சேர்ந்தது. குடியரசுத் தலைவர் ஆன பிறகும் அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். துக்கத்திலும் சந்தோஷத்திலும் அதைத் திறப்பேன் என்றார். ஐம்பது ஆண்டு ஒரு பழைய புத்தகத்தோடு வாழ்ந்திருக்கிறார். வாரம் ஒரு புத்தகம் முடித்தேன் என்று கணக்கு வைப்பதைவிட இது கடினம், நேயர்களே.

மூர் மார்க்கெட்டைப் பற்றி இன்னொன்றும் மேடைகளில் சொல்லியிருக்கிறார். புயல் அடித்து ராமேஸ்வரத்தில் வீட்டார் என்ன ஆனார்களோ என்ற தவிப்பு. ஊருக்குப் போகக் கையில் காசில்லை. படிப்புக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியாரிடம் பரிசாகப் பெற்ற பொறியியல் புத்தகத்தை விற்க அந்தக் கடைகளுக்குப் போனார். கடைக்காரர் புரட்டிப் பார்த்தார். பணத்தைக் கொடுத்துவிட்டு, இதை விற்காமல் வைத்திருக்கிறேன், பணம் வந்ததும் வந்து வாங்கிக்கொள் என்று சொல்லி அனுப்பினார். சொன்னபடியே வைத்தும் இருந்தார்.

கலாம் தமக்கு நெருக்கமானவை என்று அடிக்கடி சொன்ன மற்ற இரண்டு நூல்கள் திருக்குறளும், அலெக்சிஸ் கேரல் எழுதிய 'மேன் தி அன்னோன்' என்பதும். குறளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "அறிவற்றங் காக்குங் கருவி" என்று 421-ஆம் குறளை அவர் சொல்லாத கூட்டம் குறைவு.

கேரல் புத்தகத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கேரல் 1912-இல் மருத்துவத்துக்கு நோபல் பரிசு பெற்றவர். அறுந்த ரத்தக் குழாயைத் தைத்து ஒட்டும் முறையைக் கண்டவர். உடலையும் மனத்தையும் பிரித்து வைத்தியம் பார்க்கக் கூடாது என்பது அந்த நூலின் ஒரு கருத்து. கலாம் எடுத்துக்கொண்டது அதைத்தான். ஆனால் 1935-இல் வந்த அதே நூலில், மனிதரில் தரம் பிரித்து, உயர்ந்தவர் பெருக வேண்டும் என்ற வாதமும், சில வகைக் குற்றவாளிகளை நச்சு வாயுவால் முடித்துவிடலாம் என்ற கொடுமையான யோசனையும் இருக்கின்றன. ஒரு பெரியவர் பரிந்துரைத்தார் என்பதற்காக முழுவதையும் அப்படியே விழுங்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஹைதராபாத் மருத்துவமனை ஒன்றில் போலியோ பாதித்த பிள்ளைகள் மூன்று கிலோ எடையுள்ள உலோகக் காலிப்பரை, அதாவது நடக்க உதவும் தாங்கியை, காலில் மாட்டி இழுத்து இழுத்து நடப்பதைப் பார்த்தார் கலாம். ஏவுகணைக்காக உருவாக்கிய இலகுவான பொருளைக் கொண்டு 300 கிராமில் காலிப்பர் செய்ய வைத்தார். பிள்ளைகள் ஓடினார்கள், பெற்றோர் கண்ணில் நீர் வந்தது என்று சொல்வார். மனிதரைத் தரம் பிரித்த புத்தகத்தைப் படித்தவர், நடக்க முடியாத குழந்தையின் கால் சுமையைக் குறைத்தார். எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று தெரிந்து படித்த வாசகர் என்று நான் அவரை மதிப்பது இதனால்தான்.

இப்போது அந்தக் கறுத்த பக்கங்களுக்கு வருகிறேன்.

1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. செயற்கைக்கோளை ஏவுவதற்கான எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் முதல் பயணம். 23 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு கட்டங்கள். காலை 7.58-க்குக் கிளம்பியது. முதல் கட்டம் நன்றாக எரிந்தது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு போய்விட்டது. 317 விநாடியில் எல்லாம் முடிந்து, 560 கிலோமீட்டர் தள்ளி வங்கக் கடலில் விழுந்தது. ஒரு வால்வு அழுக்கு அடைத்து மூடாமல் நின்றதில், இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு வேண்டிய நைட்ரிக் அமிலம் கசிந்து தீர்ந்திருந்தது. ஏவுவதற்குச் சில நிமிடம் முன்னால் கணினி நிறுத்தச் சொன்னது. போதிய இருப்பு இருக்கிறது என்று நிபுணர்கள் சொன்னதை நம்பி, கணினியைத் தாண்டி ஏவியவர், திட்டத்தின் இயக்குநராக இருந்த கலாம். பிறகு நடந்த ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து, இயக்குநர் என்ற முறையில் நான் நிறுத்தியிருக்க வேண்டும், பொறுப்பு என்னுடையது என்றார். அதைத் தம் புத்தகத்திலும் மறைக்காமல் எழுதினார். வால்வு வரைக்கும் எழுதினார். வெற்றி பெற்றவர்கள் எழுதும் புத்தகங்களில் தோல்விக்கு ஒரு பத்தி கிடைக்கும், அதுவும் அடுத்த பத்தியில் ஜெயிப்பதற்காக. இங்கே தோல்வி தன் முழு நீளத்துக்கும் இருக்கிறது.

அன்று பத்திரிகையாளர்கள் முன் கலாமைத் தள்ளாமல், இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் தாமே போய் உட்கார்ந்து பதில் சொன்னார். அடுத்த ஆண்டு 1980 ஜூலை 18-இல் அதே எஸ்.எல்.வி-3 வகை ராக்கெட்டில் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனது. அன்றைக்கும் செய்தியாளர் கூட்டம். "இன்று நீங்கள் போய்ப் பேசுங்கள்" என்று கலாமை அனுப்பிவிட்டார் தவன். நான் கற்ற சிறந்த நிர்வாகப் பாடம் எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை, இந்த அனுபவத்திலிருந்துதான் வந்தது என்று கலாம் பிற்காலத்தில் சொன்னார். வாழ்க்கை முழுக்கப் புத்தகம் கொடுத்து வாங்கியவன் நான். அந்த வார்த்தையைச் சந்தோஷமாக ஒப்புக்கொள்கிறேன்.

பையன் மூன்று வாரம் கழித்துத்தான் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தான். நான் தவணை தாண்டியதைப் பற்றிப் பேசவில்லை. ராக்கெட் விழுந்த பகுதியைத் திறந்து மேசையில் வைத்து ஒரு பத்தியைக் காட்டினான். ராக்கெட் கடலில் விழுந்த அன்று, பல நாள் சரியாகத் தூங்காத கலாம் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டார். மாலை ஆகப்போகிற நேரம் யாரோ தோளைத் தொட்டு எழுப்புகிறார்கள். விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநர் டாக்டர் பிரம் பிரகாஷ். "சாப்பிடப் போகலாமா?" என்று மட்டும் கேட்கிறார். ராக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்கு முன்பு இரண்டு முறை வந்து, தூங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். அதுவரை அவரும் சாப்பிடாமல் காத்திருந்திருக்கிறார்.

"இவர் யாரு சார்?" என்றான்.

உலோகவியல் அறிஞர், அணுசக்தித் துறையில் பெரிய வேலைகள் செய்துவிட்டு விண்வெளிக்கு வந்தவர் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"இவரைப் பத்தி புத்தகம் இருக்கா?"

எழுந்து போய் வாழ்க்கை வரலாற்று அடுக்கைப் பார்த்தேன். அறிவியல் அடுக்கையும் பார்த்தேன். இருப்புப் பதிவேட்டைப் புரட்டினேன். அந்தப் பெயரில் ஒரு பதிவும் இல்லை. இல்லையப்பா என்றேன். அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு திருப்பிக் கொடுத்த புத்தகத்தையே மறுபடி என் பக்கம் நகர்த்தி, "இதையே இன்னொரு தடவை போட்டுக் கொடுங்க சார்" என்றான்.

மூன்றாவது தேதிச் சீட்டின் கடைசிக் கட்டத்தில் முத்திரை குத்திக் கொடுத்தேன்.

வணக்கம்.